சின்னப் பாலத்தடியில் மாட்டிக்கொண்ட சாமிகள்

எங்கள் ஏரிக்குப் பெயர் இருக்கிறது. தெருவுக்கும் இருக்கிறது, தெருவில் குடியிருக்கிற எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் இதில் நான் யாருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. ஓர் ஆடி மாதத்திலிருந்து எங்கள் தெருவில் பெயர் என்றாலே எல்லோருக்கும் கொஞ்சம் கூச்சம். ஏன் என்பது போகப் போகத் தெரியும். அந்தக் கூச்சத்தில் பெரிய பங்கு எனக்குத்தான் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அடையாறில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஏரி ஆரம்பிக்கிறது. ஏரி என்றதும் மதுராந்தகம் அளவுக்கு நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு கிரிக்கெட் மைதானத்தைச் சேர்த்து வைத்த அளவுதான். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் மீனவர் குப்பம், அதையும் தாண்டினால் கடல். கிழக்கு மூலையில் ஆட்டோ ஒன்று போனால் இன்னொன்று காத்திருக்க வேண்டிய சின்னப் பாலம். பாலத்துக்கு அடியில் ஒரு வாய்க்கால். அது வழியாகத்தான் கடல் தினமும் இரண்டு வேளை உள்ளே வந்து, ஏரியை நலம் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போகும். அந்த வாய்க்கால் அடைத்துக்கொண்டால் எல்லாம் போச்சு. உப்புத் தண்ணீர் வராது, சாக்கடை தேங்கும், ஆகாயத்தாமரை மண்டும், நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சாப்பிட வேண்டியதுதான்.

மூன்று நான்கு வருஷமாக அப்படித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவள். பிறந்தது மயிலாப்பூர், வாழ்க்கைப்பட்டது அடையாறு. ஓய்வு பெற்ற பிறகு பேப்பர் திருத்துகிற வேலை போய்விட்டதே தவிர, திருத்துகிற கை போகவில்லை. தெருவில் யார் எதைத் தப்பாகச் செய்தாலும் என் மனதுக்குள் ஒரு சிவப்புப் பேனா சுழித்துவிடும். சுழித்ததோடு நிற்காமல் வாயும் திறந்துவிடும், அதுதான் என் வீட்டுக்காரருக்குப் பிரச்சினை. ஒருநாள் காலையில் இளநீர் வண்டிக்காரர் வெறும் கூடுகளைக் கரையோரம் போட்டுவிட்டார் என்று நான் போட்ட சத்தத்தில், அவர் அந்தக் கூடுகளோடு போன வாரத்துக் கூடுகளையும் பொறுக்கிக்கொண்டு போனார்.

எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் ஓய்வு பெற்ற இன்ஜினியர். நல்ல மனிதர். ஆனால் மனு எழுத உட்கார்ந்தால் இங்கிலீஷில்தான் வரும், அதுவும் ஒரு பக்கத்தில் முடியாது. ஏரியைத் தூர் வாரச் சொல்லி வார்டு ஆபீசுக்கு அவர் கொடுத்த மனுவில் பதினோரு இணைப்புகள் இருந்தன. ஏரியின் வரைபடம், காற்று எந்த மாதத்தில் எந்தத் திசையில் அடிக்கும் என்கிற அட்டவணை, கொசுக்களின் வகைகள் எல்லாம் உண்டு. ஏழாவது இணைப்பு என்னுடையது. பழைய மாணவி ஒருத்தியின் கல்லூரி ஆய்வகத்தில் ஏரித் தண்ணீரைச் சோதித்து, உப்பு எவ்வளவு, உயிர்க்காற்று எவ்வளவு என்று நானே கைப்பட எழுதிய தாள். அதைத் தவிர, மனுவின் முதல் பக்கத்தில் ஒரு வரி வந்தே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். 'எங்கள் பகுதியைச் சேராத வெளியாட்கள் ஏரியில் கண்டதையும் போடுவதே இந்த நிலைக்குக் காரணம்' என்கிற வரி. தலைவர் அதை அடிக்கோடிட்டும் கொடுத்தார்.

மனுவுக்குத் தெருவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் அந்தத் தாள்களைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொரு பெயராகப் படித்தார்.

"ஆத்து ஜன்னல்லேர்ந்து ஏரியைப் பாக்கறவா எல்லாரும் போட்டுட்டா. ஏரிக்குள்ள இறங்கறவா ஒருத்தரைக் கூடக் காணலையே" என்றார்.

அவர் சொல்வது சரியாக இருந்தால் எனக்குக் கோபம் வரும். அன்றைக்கும் வந்தது. அந்தக் கோபத்தோடேயே செருப்பை மாட்டிக்கொண்டு, சின்னப் பாலத்தைத் தாண்டிக் குப்பத்துக்குப் போனேன். இருபத்தெட்டு வருஷமாக அந்தப் பாலம் வரைக்கும் நடைப்பயிற்சி போய்த் திரும்பியிருக்கிறேன். தாண்டியது அன்றைக்குத்தான்.

அங்கே முதல் வீட்டு வாசலில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தவரை எனக்குப் பார்த்துப் பழக்கம். நண்டுக்கார அம்மா என்று எங்கள் தெருவில் சொல்வோம். கூடையோடு எங்கள் தெரு வழியாகத்தான் பஸ் நிறுத்தத்துக்குப் போவார். என் வயதுதான் இருக்கும். எங்கள் வீடு சைவம் என்பதால் என் வாசலில் மட்டும் குரல் கொடுக்காமல் நடப்பார். ஒரு தடவை கேட்டுக்குப் பக்கத்தில் கூடையை இறக்கி வைத்தார் என்று நான் முகத்தைச் சுளித்தது இரண்டு பேருக்கும் நினைவிருந்தது. அவர் இடது காலில் துணிக்கட்டு போட்டிருந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, தன் கதையைச் சொன்னார். வாய்க்கால் திறந்திருந்த காலத்தில் ஏரிச் சேற்றில் காலாலேயே தடவி நண்டு பிடிப்பாராம். வீட்டிலிருந்து பத்தடியில் தொழில். இப்போது ஏரியில் நண்டு இல்லை. காசிமேட்டு மீன் துறைமுகத்துக்கு விடியற்காலையில் இரண்டு பஸ் மாறிப் போய், அங்கே ஏலத்தில் நெரிபட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு மறுபடி இரண்டு பஸ். முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னும் ஒரு மழைக்காலம் இப்படி அலைந்தால் தொழிலையே விட்டுவிட வேண்டியதுதான் என்றார். புலம்பலாகச் சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னார்.

"மழைக்கு முன்னாடி அந்த வாய்க்கா தொறந்துச்சுன்னா போதும் டீச்சரம்மா. கடலு உள்ள வந்தா நண்டு தானா வரும். நா காசிமேடு போவ வாணாம்" என்றார்.

காலில் என்ன என்று கேட்டேன். பாலத்தடியில் இன்னும் நண்டு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க இறங்கியபோது கண்ணாடி கிழித்துவிட்டதாம், ஐந்து தையல். எனக்கு ரத்தம் கொதித்தது. குடித்துவிட்டுப் பாட்டிலை ஏரியில் போடுகிற வெளியாட்களைப் பற்றி அங்கேயே நின்று கால் மணி நேரம் பேசினேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டார். குப்பத்தில் அன்றைக்கு முப்பது கையெழுத்து சேர்ந்தது.

வார்டு கூட்டம் எங்கள் பக்கத்துச் சமுதாயக் கூடத்தில் நடந்தது. கவுன்சிலர் சின்ன வயதுப் பெண்மணி, சைதாப்பேட்டையில் வளர்ந்தவர், ஸ்கூட்டரில் வந்து இறங்குவார். தலைவர் பதினோரு இணைப்பையும் வரிசையாக விளக்க ஆரம்பித்தார். காற்றுத் திசை வரும்போது பாதிக் கூட்டம் விசிறிக்குக் கீழே இடம் மாறிவிட்டது. நான் எழுந்து உயிர்க்காற்றின் அளவைச் சொன்னேன். கவுன்சிலர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, இந்த மழைக்கு முன்னால் இந்த மண்டலத்துக்குக் கிடைப்பது ஒரே ஒரு பொக்லைன் என்றும், எல்லாத் தெருவும் அதைக் கேட்கிறது என்றும், உங்களுக்கு முதலில் எதற்குத் தரவேண்டும் என்றும் நேரடியாகக் கேட்டார். நாற்றம் அடிக்கிறது என்பதைப் பதினோரு இணைப்பில் சொல்லியாகிவிட்டது. வேறு என்ன சொல்வது?

பின்வரிசையிலிருந்து நண்டுக்கார அம்மா எழுந்தார். காசிமேட்டைச் சொன்னார், இரண்டு பஸ்ஸைச் சொன்னார், முட்டியைச் சொன்னார். நான்கு வாக்கியம்தான்.

"எங்கம்மாவும் மீன் கூடைதான் தூக்குனாங்க" என்றார் கவுன்சிலர். பிறகு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு, ஆடி மூன்றாவது வாரத்தில் இரண்டு நாள் வண்டி தருகிறேன், அதற்கு மேல் ஒரு மணி நேரம்கூட முடியாது, இரண்டாம் நாள் சாயங்காலம் அது சைதாப்பேட்டை மழைநீர்க் கால்வாய்க்குப் போயாக வேண்டும் என்றார். தலைவர் வெளியே வரும்போது, இணைப்புகள் நல்ல பலன் தந்தன என்று என்னிடம் சொன்னார். நான் மறுக்கவில்லை, அதில் ஒன்று என்னுடையது.

முதல் நாள் திருவிழா மாதிரிதான் இருந்தது. பொக்லைன் வந்து கரையில் நின்றதும் தெருவே மொட்டைமாடியில் ஏறிவிட்டது. ஓட்டுநர் நடுத்தர வயதுக்காரர், மஞ்சள் வேட்டி கட்டி, கையில் மஞ்சள் கயிற்றுக் காப்பு. அவர் ஊர் அம்மன் கோயிலில் தீ மிதிக்கப் போகிறாராம். ஆகாயத்தாமரையை இயந்திரம் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டிக் கரையில் போட்டது. நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். தலைவர் அளவு நாடாவோடு அங்கும் இங்கும் நடந்தார். சாயங்காலத்துக்குள் இயந்திரம் பாலத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. மறுநாள் வாய்க்காலைத் திறந்தால் வேலை முடிந்தது.

மறுநாள் காலை கவுன்சிலரும் வந்திருந்தார். நாங்கள் பாலத்து மேல் வரிசையாக நின்றோம். பொக்லைன் பாலத்தடியில் கையை விட்டு முதல் வாளிச் சேற்றை அள்ளி மேலே தூக்கியது. கறுப்புச் சேறு வழிந்தது. சேற்றுக்குள்ளிருந்து பளபளவென்று ஏதோ எட்டிப் பார்த்தது. ஓட்டுநர் குனிந்து பார்த்தார். வாளி அப்படியே அந்தரத்தில் நின்றது. இன்ஜின் நின்றது.

அவர் கீழே இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, வாளியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வாளி நிறையச் சாமி. பிள்ளையார் படம், முருகன் படம், லட்சுமியும் சரஸ்வதியும் ஒரே சட்டத்துக்குள். கண்ணாடி உடைந்தவை, சட்டம் பெயர்ந்தவை, மூலையில் செல்லரித்தவை. வாளியில் இருந்தது கொஞ்சம்தான். பாலத்தடியில் எட்டிப் பார்த்தால், சேற்றோடு சேர்ந்து சுவர் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்ந்துகொண்டு, வாய்க்காலை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் வரை அடைத்துக்கொண்டு நின்றன.

பாலத்து மேல் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தோம். நகராமல் என்ன செய்வது? உடைந்த சாமி படத்தை வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடாது. குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது. ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் தண்ணீர் ஓடுகிற இடம் ஒன்றே ஒன்றுதான், சின்னப் பாலத்தடி. எல்லோரும் காலையில் குளித்துவிட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, பக்தியோடு கொண்டுவந்து விட்டிருக்கிறோம். ஓடுகிற தண்ணீரில் விட்டு விட்டே அதை ஓடாத தண்ணீராக ஆக்கியிருக்கிறோம்.

தலைவர்தான் முதலில் சமாளித்தார். ஓட்டுநரிடம் போய், பரவாயில்லை, மேலே எடுத்துப் போடுங்கள் என்றார்.

"காப்பு கட்டிக்கினு கீறேன் சார். சாமி மேல வாளிப் பல்லு பட்டுச்சுன்னா நா எப்டி நெருப்புல எறங்குவேன்? கையால எடுத்துருங்க. அப்பால ஓட்டறேன்" என்றார் ஓட்டுநர்.

வேறு ஓட்டுநர் உண்டா என்று கவுன்சிலர் போனில் கேட்டுப் பார்த்தார். எல்லோரும் வேலையில் இருந்தார்கள். சாயங்காலம் வண்டி போய்விடும். போனால் அடுத்து மழைக்குப் பிறகுதான். நண்டுக்கார அம்மா பாலத்தின் அந்தக் கோடியில் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றிருந்தார். அன்றைக்கு அவர் காசிமேட்டுக்குப் போகவில்லை.

அவர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கரை வழியாகச் சேற்றில் இறங்கினார். துணிக்கட்டு இல்லை, ஆனால் தையல் போட்ட தழும்பு பாலத்து மேலிருந்தே தெரிந்தது. அந்தக் காலைத்தான் முதலில் வைத்தார்.

அதற்கு மேல் மேலே நிற்க என்னால் முடியவில்லை. நானும் செருகிக்கொண்டு இறங்கினேன். என் வீட்டுக்காரர் பின்னாலேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார், "நீ தனியா இறங்கினா ஏரிக்கும் பாடம் எடுப்பே" என்றபடி. தலைவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கவுன்சிலரிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். அரை மணி நேரத்தில் தெருவில் பாதிப் பேர் முழங்கால் சேற்றில் நின்றோம். பல பேருக்கு அறுபது தாண்டிய உடம்பு. ஒரு மாமி சேற்றில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் சிரித்த சிரிப்பில், தூக்கப் போன இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

நண்டுக்கார அம்மாதான் அன்றைக்கு எங்களுக்கு மேஸ்திரி. சேற்றில் காலை எடுத்து வைக்கக்கூடாது, தேய்த்துக்கொண்டே போக வேண்டும் என்றார். கையால் விளிம்பைத் தடவிப் பார்த்து, கண்ணாடி இல்லாத பக்கமாகப் பிடித்துத் தூக்க வேண்டும் என்றார். நான் ஒரு தடவை அவசரப்பட்டபோது, "மெதுவா டீச்சரம்மா, சாமி எங்கயும் ஓடாது" என்றார். என் வாழ்க்கையில் என்னை அவ்வளவு நேரம் யாரும் மேய்த்ததில்லை. கரையில் நின்ற கவுன்சிலர் ஒவ்வொரு படமாக வாங்கி, தண்ணீர் ஊற்றிக் கழுவி, புல்லில் வரிசையாக வைத்தார்.

கழுவும்போதுதான் அடுத்த விஷயம் வெளியே வந்தது. எங்கள் வீடுகளில் சாமி படம் பாதிக்கு மேல் கல்யாணத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் வந்த பரிசு. பரிசு என்றால் பின்னால் பெயர் எழுதாமல் யாரும் கொடுப்பதில்லை. யாருக்கு, யார் கொடுத்தது எல்லாம் பலகையில் பெயிண்டால் எழுதியிருக்கும். காற்றுப் புகாத சேற்றில் எதுவும் சீக்கிரம் மக்காது என்று நானே ஒன்பதாம் வகுப்புக்கு முப்பது வருஷம் நடத்தியிருக்கிறேன். மக்கவில்லை. ஒவ்வொரு பெயரும் அச்சடித்த மாதிரி இருந்தது.

கவுன்சிலர் விகல்பம் இல்லாமல் முதல் பெயரை உரக்கப் படித்தார். எதிர்வீட்டுத் தம்பதி. அவர்கள் இருவரும் சேற்றில் நின்றபடி பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வது மாதிரி கையைத் தூக்கினார்கள். அடுத்தது தலைவருடைய அறுபதாம் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த கிருஷ்ணன். தலைவர் இருமினார். "அது, கண்ணாடியிலே சின்ன விரிசல்..." என்று ஆரம்பித்துவிட்டு, அதற்கு இணைப்பு எதுவும் கைவசம் இல்லாததால் நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பெயருக்கும் பாலத்தடியில் கைதட்டல். குப்பத்துக்காரர்கள் மேலே நின்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், மற்றவர்கள் எல்லோரையும் விட உரக்க.

அப்படிச் சிரித்துக்கொண்டே இழுத்ததில் என் கைக்கு வந்தது ஒரு கனமான படம். பித்தளைத் தகட்டில் புடைப்பாக அடித்த திருப்பதிப் பெருமாள். சட்டத்தின் ஓரத்தில் பாதிக் கண்ணாடி கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு என் வீட்டுக்காரரின் ஆபீஸ் நண்பர்கள் கொடுத்தது. நாலைந்து வருஷத்துக்கு முன்னால் வெள்ளையடித்தவரின் ஏணி பட்டு விரிசல் விட்டது. நான்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பூ வைத்து, கற்பூரம் காட்டி, இதே பாலத்திலிருந்து விட்டேன். திரும்பி வரும் வழியில்தான் இளநீர்க்காரரைப் பிடித்துச் சத்தம் போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இரண்டையும் என் மனம் ஒரு நாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. அது குப்பை, இது பெருமாள்.

என் பெயரைப் படிக்கும்வரை நான் காத்திருக்கவில்லை. படத்தைத் தூக்கிக் காட்டி, இது எங்களுடையது, போட்டது நான்தான் என்று சொன்னேன். வெட்கத்தில் காது சுட்டது. யாரும் கைதட்டவில்லை, என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். நான் அந்த நீட்டிக்கொண்டிருந்த கண்ணாடியையும், பக்கத்தில் நின்ற நண்டுக்கார அம்மாவையும் பார்த்தேன். அவர் காலைக் கிழித்தது பாட்டில் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. அவரிடமே கேட்டேன்.

"உங்க கால்ல ஏறினது சாமி படமா?"

"ஆமா."

"இதுவா?"

"எதுன்னு யாரு கண்டா? வலிச்ச வலியில மூஞ்சிய பாக்கல" என்றார். பிறகு, "கண்ணாடின்னு கோவமாத்தான் எடுத்தேன். சாமின்னு தெரிஞ்சப்புறம் இன்னாத்த திட்டறது? தூக்கிக் குப்பையில போடவும் கை வர்ல. எடுத்த எடத்துலயே வெச்சுட்டேன்" என்றார்.

அன்றைக்கு அவர் வீட்டு வாசலில் நின்று வெளியாட்களைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேனே, அப்போதே அவருக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ அவ்ளோ கோவமா கீற. சொன்னா எங்க கையெழுத்து வாங்காம போய்டுவியோன்னுதான்" என்றார்.

நான் சேற்றிலேயே நடந்து கவுன்சிலரிடம் போனேன். மனுவின் முதல் பக்கத்தில் ஒரு வரி தப்பு, அடித்துவிடுங்கள் என்றேன். எந்த வரி என்று அவர் கேட்கவில்லை.

"சிவப்புப் பேனா வெச்சிருக்கீங்களா டீச்சர்?" என்றார். அவரும் எந்தப் பள்ளிக்கூடத்திலோ என்னைப் போல் ஒருத்தியிடம் படித்திருக்கிறார்.

பன்னிரண்டரை மணிக்குக் கடைசிப் படம் வெளியே வந்தது. அறுபது வரைக்கும் எண்ணிவிட்டு நிறுத்திவிட்டோம். ஓட்டுநர் அத்தனை சாமிக்கும் பொதுவாக ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டு வண்டியில் ஏறினார். சாப்பிடக்கூட இறங்காமல் ஓட்டினார். என் வீட்டுக்காரர் தயிர்சாதத்தை அவருக்கு மேலேயே ஏற்றிக் கொடுத்தார். நாலரை மணிக்குப் பாலத்தடி மண்ணைக் கடைசியாக ஒருமுறை அள்ளியதும், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நூல் போலத் தண்ணீர் வந்தது. கலங்கலாக, நுரையோடு. நூல் கையகலமானது, கையகலம் ஓடையானது. நண்டுக்கார அம்மா குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்து, "உப்பு" என்றார். நானும் அள்ளி வாயில் வைத்தேன். ஆய்வகத்தில் எதையும் வாயில் வைத்துப் பார்க்கக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தவள் நான். அன்றைக்கு அந்த உப்பு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஐந்து மணிக்குப் பொக்லைன் சைதாப்பேட்டைக்குக் கிளம்பிப் போய்விட்டது. நாங்கள் ஆளுக்கு ஒன்றோ இரண்டோ சாமியைத் தூக்கிக்கொண்டு, முழங்கால் வரை சேற்றோடு, தெருவில் ஊர்வலமாக வீட்டுக்குப் போனோம். பாலத்தில் இப்போது தலைவர் ஒரு பெரிய பெட்டி வைத்திருக்கிறார். உடைந்த படங்களை அதில் வைத்தால், மாதம் ஒருமுறை கண்ணாடியையும் சட்டத்தையும் பிரித்துப் பழைய சாமான் கடைக்கும், தாளை ஊறவைத்துக் கோயில் நந்தவனத்துச் செடிக்கும் அனுப்புகிறோம். குருக்களைக் கேட்டுத்தான் செய்கிறோம். கொண்டுவருகிறவர்களின் பெயரை எழுதிக்கொள்ளத் தலைவர் ஒரு நோட்டும் வைத்தார். அதில் இன்றுவரை ஒரு பெயரும் இல்லை, பெட்டி மட்டும் நிறைந்துவிடுகிறது.

என் பெருமாளை நான் பெட்டியில் போடவில்லை. புளி போட்டுத் தேய்த்தேன். புதுசு மாதிரி வந்துவிட்டார். சைதாப்பேட்டையில் படத்துக்குச் சட்டம் போடும் பாயின் கடைக்குக் கொண்டுபோனேன். கண்ணாடி வேண்டாம், சட்டம் மட்டும் போதும் என்றதும் அவர் இரண்டு தடவை திரும்பக் கேட்டார். அறுபது வருஷக் கடையில் அப்படி யாரும் கேட்டதில்லையாம். கூடத்தில் பழைய ஆணியிலேயே மாட்டினேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. ஏரி நிறைந்து, வாய்க்கால் வழியாக ஒழுங்காகக் கடலுக்குப் போனது. கார்த்திகை பிறந்து சில நாள் கழித்து, காலையில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். "டீச்சரம்மா" என்று குரல் கேட்டது. நண்டுக்கார அம்மா. என் வாசலில் அவர் குரல் கொடுத்தது அதுதான் முதல் தடவை. இடுப்பில் கூடை இல்லை, கையில் ஒரு அலுமினியப் பானை. அதைச் சாய்த்துக் காட்டினார். பச்சையும் கறுப்புமாக இரண்டு நண்டுகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன.

"ஏரி நண்டு. நீ வாங்க மாட்டேன்னு தெரியும். காட்டத்தான் எடுத்தாந்தேன்" என்றார். நேற்றிலிருந்து காசிமேட்டுக்குப் போகவில்லையாம்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோலமாவுக் கையோடு அவர் கையைப் பிடித்து, உள்ளே வாங்கோ என்றேன். அவர் பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதையும் எடுத்துண்டு வாங்கோ என்றேன். கூடத்துக்கு வந்து, பானையை ஓரமாக வைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த பெருமாளை நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிந்துகொண்டார்.

"கண்ணாடி போடலியா டீச்சரம்மா? தூசு படியுமே."

"படிஞ்சா தொடைச்சுக்கறேன்" என்றேன்.

அவர் தன் இடது காலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். நானும் பார்த்தேன். உள்ளேயிருந்து டிகாக்‌ஷன் வாசனை வந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "சக்கரை கொஞ்சம் தூக்கலாப் போடு" என்றார்.